அக்கா மீம்ஸ் ஆன கதை

எங்கள் ஊரில் செல்போன் ரிப்பேருக்கு வருவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று உப்புக் காற்று. சார்ஜ் பின்னில் பச்சை பூத்து, வயரைச் சொருகினாலும் சொரணையில்லாமல் கிடக்கும். இன்னொன்று மெமரி ஃபுல். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. கோயில் தெருமுனையில் என் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது காத்து நிற்கிற ஆள் அநேகமாக மெமரி ஃபுல் கேஸாகத்தான் இருப்பார்.

போனைத் திறந்தால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம், மாதா படத்தோடு காலை வணக்கம், யார் வீட்டுக் குழந்தையோ சிரிக்கிற காலை வணக்கம். அதற்குக் கீழே கட்சிக்காரர்களைக் கிண்டல் பண்ணுகிற மீம்ஸ். ஒன்றே ஒன்று இருந்தாலும் எங்கள் ஊரில் அது மீம்ஸ்தான். எதை அழிக்க என்று கேட்டால், "காலை வணக்கத்த எல்லாம் தூக்கிரு, மீம்ஸ் கெடக்கட்டும்" என்பார்கள். கல்யாண வீடியோவை அழித்தவர்கள்கூட மீம்ஸை அழித்ததில்லை.

உள்ளதைச் சொன்னால் எனக்கும் அவற்றின் மேல் ஒரு மரியாதை இருந்தது. டிவியில் நான்கு பேர் ஒரு மணி நேரம் கத்தியும் விளங்காத விஷயத்தை, ஒரு காமெடி நடிகரின் முழியும் கீழே ஒரு வரியுமாக எவனோ ஒருவன் முடித்துவிடுகிறான். எப்படித்தான் யோசிக்கிறார்களோ என்று மலைத்துப் போயிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, ஐஸ் வண்டிக்காரர் கொடுத்த போனில் என் அக்காவின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் அந்த மலைப்பு சந்தோஷமான மலைப்பாகத்தான் இருந்தது.

அக்கா கையை உயர்த்தியிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. அந்தக் கணத்தில் பிடித்ததால் பார்க்க அதட்டுகிற மாதிரி இருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் "தூண்டில் வளைவு வேண்டாம்". கீழே மஞ்சள் எழுத்தில் "யாருக்கு வேலை பாக்குற அக்கா?"

தூண்டில் வளைவு என்பது கடலுக்குள் பாறைகளைக் கொட்டி, தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கட்டுகிற சுவர். அலை மணலை வாரிக்கொண்டு போகாமல் பிடித்துவைக்கும். எங்கள் கரையைக் கடல் வருஷா வருஷம் தின்றுகொண்டு வருகிறது. வள்ளங்களை ஏற்றிவைக்க இடமில்லாமல் ரோட்டோரத்தில் நிறுத்துகிறார்கள். கடலைப் பார்த்த முன்வரிசை வீடுகளின் சுவரில் நுரை வந்து அடிக்கிறது. இந்த ஊரில் ஒருத்தி தூண்டில் வளைவு வேண்டாம் என்று சொல்வது, குடிக்கிற தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். அக்கா அப்படிச் சொல்லவில்லை. முந்தின நாள் அவள் பேசியபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கடலுக்குப் போகாது. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர்க் கூட்டம். கலெக்டர் ஆபீஸில் நடக்கிற மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு ஊர் சார்பில் யார் போய்ப் பேசுவது என்பதுதான் அன்றைய பேச்சு. கருவாட்டு யாவாரம் பார்க்கிற என் அக்காவையும் ஒரு ஆளாகச் சேர்த்திருந்தார்கள். ஊர் சார்பில் பேச ஒரு பெண்ணை அனுப்புவது அதுதான் முதல் தடவை. என்ன பேசப்போகிறாய், இங்கேயே சொல் என்று கேட்டார்கள். அக்கா எழுந்து சொன்னாள்.

"தெக்கூருக்குக் கல்லு போட்டாவ. போட்ட பெறவுதான் நம்ம கரை போச்சு. நமக்கு வார மணல அந்தக் கல்லு மறிச்சிக்கிட்டு. இப்ப நாம தனியாப் போயி நமக்குக் கல்லு கேட்டா, நாளைக்கு வடக்கூரு கரை போவும். அவிய சும்மா இருப்பாவளா? தடுப்பாவ, கேசு போடுவாவ. நமக்கும் கெடைக்காது, அவியளுக்கும் கெடைக்காது. அதனால நமக்கு மட்டும்னு தூண்டில் வளைவு வேண்டாம். ரெண்டு ஊருக்கும் சேத்துக் கேப்போம். எங்கன போட்டா யாருக்கும் கேடு வராதுன்னு அளந்து பாத்துப் போடச் சொல்லுவோம்."

தெக்கூர், வடக்கூர் என்று நாங்கள் சொல்வது இரு பக்கமும் உள்ள ஊர்களை. அவற்றின் பேர் இங்கே எதற்கு. அக்கா பேசி முடித்ததும் கமிட்டித் தலைவர் தலையாட்டினார். கூட்டமே தலையாட்டியது. அக்காவின் பக்கத்தில் ஒரே பாயில் உட்கார்ந்திருந்த முன்வரிசை வீட்டுக்காரி, "சரியாச் சொன்ன ஏளா" என்று அவள் முதுகில் தட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தப் படம் என் கடைக்கு வந்த எல்லாப் போனிலும் இருந்தது. உப்பேறிப் பாதி செத்த போனிலும் இருந்தது. அது கடலுக்குப் போன விதம்தான் என்னை வாய் பிளக்க வைத்தது. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் சிக்னல் கிடையாது. வள்ளங்கள் ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸில்தான் பேசிக்கொள்ளும். சிக்னல் இருந்த இடத்தில் படத்தைப் பார்த்தவன் வயர்லெஸ்ஸில் அதை வாயால் சொல்லியிருக்கிறான். அடுத்தவன் அதற்கு அடுத்தவனுக்குச் சொல்லியிருக்கிறான். காற்று எப்படி, மீன் எங்கே என்று பேசுகிற பெட்டியில், கண்ணால் பார்க்காத ஒரு படம் வள்ளம் வள்ளமாகத் தாவிப் போயிருக்கிறது. கரைக்கு வந்து இறங்கியபோது அவர்கள் ஏற்கனவே கோபமாக இருந்தார்கள். படத்தை அதன் பிறகுதான் பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய அதிசயம் மறுநாள் நடந்தது. முன்வரிசை வீட்டுக்காரி என் கடைக்கு வந்தாள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவனோடு பேசத்தான் அவளுக்குப் போன்.

"ஒங்க அக்கா இப்பிடிச் சொல்லிட்டாளே. எம் வீடு நாளைக்குப் போனா அவளா வந்து கெட்டித் தருவா?"

"பாயில பக்கத்துலதான இருந்திய? அவ என்ன சொன்னா?"

"தூண்டில் வளைவு வேண்டாம்னுதான் சொன்னா. எங் காதால கேட்டேன்."

பொய் சொல்கிற முகமில்லை அது. அவள் உண்மையிலேயே அப்படித்தான் கேட்டதாக நம்பினாள். அன்றைக்கு நான் வேறு சில பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். கூட்டத்தில் இருந்தவர்கள், தலையாட்டினவர்கள், எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் வெயிலில் உட்கார்ந்து கேட்டதை, உள்ளங்கையளவு படம் ஒன்று காதுக்குள் புகுந்து துடைத்துவிட்டுத் தன் வரியை எழுதிவைத்துவிட்டது. எனக்கு மெய்யாகவே உடம்பு சிலிர்த்தது. பயத்திலா வியப்பிலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

படம் எங்கிருந்து கிளம்பியது என்பது அக்கா வீட்டுக்காரரை, என் அத்தானைப் பிடித்தபோது தெரிந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் கப்பலில் இருக்கிறான். நடுக்கடலில் நெட் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் ஊரில் திருவிழா நடந்தாலும் சரி, சாவுத் துட்டி விழுந்தாலும் சரி, வீடியோவைத் துண்டாக வெட்டி, சின்னதாக்கித்தான் கப்பல்காரர்களின் குரூப்பில் போடுவோம். அது இங்கே பழகிப்போன காரியம். அத்தான் அக்கா பேசியதை முழுவதும் எடுத்திருக்கிறார். அனுப்பும்போது ஒரே ஒரு துண்டைத்தான் அனுப்பியிருக்கிறார்.

"ஏன் அத்தான் அந்தத் துண்ட அனுப்புனிய?"

அவர் தரையைப் பார்த்தார். "அதுலதான் மாப்ள ஒங்க அக்கா மொகம் நல்லா விழுந்திருந்துச்சு. கையத் தூக்கி, ராணி மாதிரி."

அந்தத் துண்டு "தூண்டில் வளைவு வேண்டாம்" என்பதில் ஆரம்பித்து, அடுத்த மூச்சு எடுப்பதற்குள் முடிந்தது. முன்னால் இருந்த 'நமக்கு மட்டும்னு' அதில் இல்லை. பின்னால் இருந்த இரண்டு ஊரும் இல்லை. கட்டின பெண்டாட்டியின் மேல் ஒரு மனுஷனுக்கு இருந்த பெருமை இப்படி வந்து முடிந்தது.

அதைப் படமாக்கியவன் யார் என்பதை அவனே சொன்னான். முன்வரிசை வீட்டுக்காரியின் மகன். ஏதோ ஒரு சமுத்திரத்தில் இருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணே, எங்க வீட்டுச் சுவத்துல அலை அடிக்குத வீடியோவ எங்கம்மா அனுப்புதா. நான் இங்கன இருந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்? அக்கா பேசுன துண்டக் கேட்டதும் அங்கனயே உக்காந்து அந்தப் படத்தப் போட்டேன்." முழுப் பேச்சையும் நான் அனுப்பிவைத்தேன். அது அவனுக்குப் போய்ச் சேரவே ஒரு முழு நாள் ஆயிற்று. கேட்டுவிட்டு குரூப்பில் மன்னிப்புக் கேட்டான், நன்றாகவே, நாலு வரி எழுதினான். அந்த நாலு வரியை ஒரு ஆள்கூட அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடவில்லை. படம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே கமிட்டித் தலைவர் அக்கா வீட்டுக்கு வந்தார். கூட்டத்தில் தலையாட்டிய அதே தலைவர்தான். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மரியாதையாகவே பேசினார்.

"நீ நல்லவதாம்மா. நான் தப்பு சொல்லல. ஆனா படம் வந்துட்டுல்லா. நீ வந்து பேசுனா ஊரு ஒத்துக்கிடாது. இந்தத் தடவ நாங்க மட்டும் போயி நம்ம ஊருக்குக் கேட்டுட்டு வாரோம்."

படம் வந்துவிட்டது. மழை வந்துவிட்டது என்கிற மாதிரி அவர் அதைச் சொன்னார். நம் ஊருக்கு மட்டும் என்று கேட்கப் போனால் வடக்கூர்க்காரர்கள் எதிர்மனு கொடுப்பார்கள், இரண்டும் சேர்ந்து ஏதாவது ஒரு அலமாரியில் தூங்கும், அடுத்த மழைக்காலத்துக்குள் முன்வரிசை வீடுகள் போய்விடும். அது அவருக்கும் தெரியும். அக்கா "சரி" என்று மட்டும் சொன்னாள். அவர் போன பிறகு குசினியில் போய் நின்றுகொண்டு அழுதாள்.

நான் முன்கோபி. கடைக்குப் போனேன், தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். "கரையக் காப்பாத்தத் தெரியாது, நாற்காலியக் காப்பாத்தத் தெரியும்" என்று கீழே எழுதினேன். நாமே போட்டது என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாக வந்திருந்தது. பார்த்துப் பார்த்து நானே சிரித்தேன். அனுப்புவதற்குள் அக்கா கடைக்கு வந்துவிட்டாள். வாங்கிப் பார்த்தாள்.

"இந்தக் கல்லுக்காக அவிய எத்தன ஆபீசு ஏறி எறங்கியிருக்காவ, அத எங்கலே எழுதியிருக்க?"

"மீம்ஸ்ல அதெல்லாம் எழுத முடியாதுக்கா."

"அப்ப அழிச்சிரு."

அழித்தேன். அடுத்த நாள், வடக்கூர்க்காரர் ஒருவர் ஸ்கிரீன் உடைந்த போனைக் கொண்டுவந்தார். ஸ்கிரீனை மாற்றி, சரியாக வருகிறதா என்று பார்த்தால் அதிலும் அக்கா. அதே படம். அதே உயர்த்திய கை, அதே பாதி திறந்த வாய். ஆனால் எழுத்து வேறு. "எங்களுக்குக் கல், வடக்கூருக்குக் கடல்." எங்கள் ஊர் கல் கேட்கப் போகிற சேதி வடக்கூருக்கு எட்டியிருந்தது.

எழுதியவனுக்கு எதுகை மோனை கை வந்திருந்தது, அதை மறுக்க முடியாது. நான் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் அவள் கல் வேண்டாம் என்று சொன்ன துரோகி. வடக்கூரில் கல் வேண்டும் என்று சொல்லி அவர்களை மூழ்கடிக்க வந்தவள். நடுவில் இரண்டு மைல் மணல்தான். ஒரு முகம் இரண்டு ஊருக்கும், நேரெதிரான இரண்டு காரணங்களுக்காக, ஒரே நேரத்தில் எதிரியாகிவிட்டது. இரண்டு ஊரிலும் அவள் உண்மையில் சொன்னதைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்திருந்தது. கடலைப் பார்த்து வளர்ந்தவன் நான், பெரிய அலையெல்லாம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரியதைப் பார்த்ததில்லை.

அக்காவிடம் காட்டினேன். அவள் இன்னொரு முறை அழுவாள் என்று நினைத்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு என்ன வடக்கூருல கொண்டு விடு" என்றாள்.

வடக்கூர்க் கருவாட்டுக் களத்தில் அக்காவுக்குப் பல வருஷப் பழக்கம். அங்குள்ள பெண்களிடம்தான் சரக்கு எடுப்பாள். அன்றைக்கு ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை. அக்கா கூடையை ஓரமாக வைத்துவிட்டு, காய்கிற மீனைத் திருப்பிப் போட உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், தெக்கூருக்குக் கல் போட்டார்கள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். முடித்தாள். அடுத்த பாய்க்குப் போனாள். மறுபடி தெக்கூர். நடுவில் எவளாவது வந்து என்ன பேச்சு என்று கேட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்தே சொன்னாள். ஒரு வார்த்தையையும் சுருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. ஜெபமாலை உருட்டுகிறவர்கள் மாதிரி சொன்னாள். பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டுக் கேட்டுக் கால் கடுத்தது. இவள் என் கூடப் பிறந்தவள்தானா என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்கு ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை சொல்ல நேர்ந்தாலே கோபம் வரும்.

வாரம் முழுவதும் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் மூடப் பார்க்கவில்லை, ஒவ்வொரு வாயாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் களத்துப் பெரியவள் ஒருத்தி, மீன் கழுவின கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இதத்தான் சொன்னியா? இத ஏன் எவனும் போட மாட்டேங்கான்?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து ஊர்க் கூட்டம் தொடங்குகிற நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்து கோயில் முன்னால் நின்றது. வடக்கூர்ப் பெண்கள் இறங்கினார்கள். தலைவர் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த ஊர் ஆட்கள் எங்கள் கூட்டத்துக்கு வருவது சண்டைக்காகத்தான் இருக்கும், எங்களுக்கு அதுதான் பழக்கம். களத்துப் பெரியவள் தன் போனைத் திறந்து, முதல் பாயில் இருந்த முன்வரிசை வீட்டுக்காரியின் கையில் கொடுத்தாள்.

"எங்கூருல ஓடுத படம் இது. ஒங்க ஊருல ஓடுத படத்த எனக்குக் காட்டு."

இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கை கையாகப் போயின. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு கொஞ்சம் பேர். அதற்குப் பிறகு இரண்டு வரிகளையும் மாற்றி மாற்றிப் படிக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசை வீட்டுக்காரி எழுந்தாள்.

"ஏளா, ஒம் பக்கத்துலதான் நான் இருந்தேன். நீ சொன்னத முழுசாக் கேட்டேன். பெறவு படத்தப் பாத்தேன். படம் மட்டுந்தான் மனசுல நின்னுச்சு. இப்ப யோசிச்சா ஒங் கொரல் ஞாபகம் வருது." கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், "எம் மவன்தான் போட்டான்னு அவனே சொல்லிட்டான்."

அக்கா அவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ரெண்டு ஊரும் சேந்து போவோம். பேசுறது இவளே பேசட்டும்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவருக்கு அது போதும், எங்களுக்கும் போதும்.

குறைதீர் கூட்டத்தன்று கலெக்டர் ஆபீஸ் ஹாலில் உட்கார இடமில்லை. எல்லா ஊரும் வந்திருந்தது. எங்கள் முறை வந்தது. அக்காவும் களத்துப் பெரியவளும் முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி நல்ல மனிதராகத் தெரிந்தார், களைத்தும் தெரிந்தார். அக்காவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்றார்.

"போன்ல பாத்திருப்பிய சார்."

அவருக்கு நினைவு வந்துவிட்டது. "ஆமா. தூண்டில் வளைவு வேண்டாம்னு சொன்னது நீங்கதான?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. எங்களுக்கு முன்னாலேயே அந்தப் படம் வந்து அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. களத்துப் பெரியவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படத்துல உள்ளது நாந்தான் சார்," என்றாள் அக்கா.

"சரிம்மா. நிறைய பேர் காத்திருக்காங்க. இப்ப என்ன வேணும்னு சுருக்கமா ஒரு வரியில சொல்லிருங்க, எழுதிக்கிறேன்."

"ஒரு வரியாலதான் சார் எம் பேரு ரெண்டு ஊருலயும் சந்தி சிரிச்சுது. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, முழுசாச் சொல்லிக்கிடுதேன்."

சிரிப்பு நின்றது. அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க" என்றார்.

அக்கா தெக்கூருக்குக் கல் போட்டதிலிருந்து ஆரம்பித்தாள். எத்தனையோ தடவை கேட்ட பேச்சு, எனக்கு மனப்பாடம். ஆனாலும் அன்றைக்கு முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேட்டேன். பின் வரிசையில் தங்கள் முறைக்காகக் காத்திருந்த மற்ற ஊர்க்காரர்களும் கேட்டார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவள் முடித்ததும் அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். மனுவில் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வடக்கூரின் பெயரும் ஏறுகிற வரைக்கும் அக்கா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.